பத்திரம் அக்காவும் ஒரு வாளி ஃபினாயிலும்

பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் 'பத்திரம் அக்கா'. பத்தொன்பது வருடமாக வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. குடுவை கழுவுவது, அமிலத்தையும் காரத்தையும் அளவாகக் கரைத்து வைப்பது, புட்டிகளை அடுக்குவது, பிள்ளைகள் உடைத்ததைப் பொறுக்குவது. இந்தக் கடைசி வேலை எனக்குப் பிடிக்காது. அதனால் யார் எதைத் தொட்டாலும் 'பத்திரம், பத்திரம்' என்பேன். தூக்கத்தில்கூடச் சொல்கிறேனாம், வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பேச்சில் பாதியை நம்ப முடியாது. இதை நம்புகிறேன்.

எனக்கென்று ஒரே ஒரு சட்டம் உண்டு. கண்ணாடிச் சாமான் எதுவும் ஆய்வக வாசலைத் தாண்டக் கூடாது. ஒருமுறை தலைமையாசிரியை, யாரோ பெரிய மனிதர் வருகிறார், மேஜையில் பூ வைக்க நல்ல பீக்கராக ஒன்று கொடு என்று ஆள் அனுப்பினார். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் அந்த அம்மாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், பீக்கர் முழுசாக இருந்தது.

இப்படிப்பட்டவளிடம் ஒருநாள் வேதியியல் டீச்சர் வந்து, மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

"அக்கா, பதினொண்ணாம் வகுப்புல ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. பார்வை சுத்தமா கிடையாது."

"சரி, சேரட்டும்."

"செய்முறை வகுப்புக்கும் வருவா."

கையில் இருந்த பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயை மேஜையில் வைத்துவிட்டேன். "எதுக்கு டீச்சர்? அந்த மாதிரி பிள்ளைங்களுக்குத்தான் செய்முறையில விலக்கு இருக்கே. பாடத்தை மட்டும் எழுதிப் பாஸ் பண்ணட்டும்."

"விலக்கு வேண்டாம்னு அவளே எழுதிக் கொடுத்திருக்கா. விலக்கு வாங்கினா பாஸ்தான். ஆனா அடுத்த வருஷம் அறிவியல் பிரிவுல வெச்சுக்க மாட்டாங்க. வருஷக் கடைசியில வெளித்தேர்வாளர் முன்னாடி எல்லாரையும் போல செய்முறைத் தேர்வு பண்ணிக் காட்டினா பிரிவுல இருக்கலாம், இல்லைன்னா வேற பிரிவுன்னு தலைமையாசிரியை சொல்லிட்டாங்க. ஒரே ஒரு வாய்ப்பு."

என் வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினேன். வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் அமிலம் பட்ட தழும்பு அது. "ரெண்டு கண்ணும் இருந்து எனக்கே இது வந்துச்சு. நாளைக்கு அந்தப் பிள்ளை மேல கொட்டினா யாரு பதில் சொல்றது? ஆழம் தெரியாம காலை விடாதீங்க."

நான் கல்நெஞ்சக்காரி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பயம். பயந்தவள் கத்துவாள், அது என் சுபாவம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, தோளில் பெரிய பையோடு, தடியால் தரையைத் தட்டிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இந்தப் பக்கம் அம்மோனியா இருக்கா? மூடி சரியா மூடலைன்னு நினைக்கிறேன்."

போய்ப் பார்த்தேன். மூடி அரைத் திருகல் விட்டுத்தான் இருந்தது. அழுத்தி மூடினேன். வந்த அன்றைக்கே என் அலமாரியில் குற்றம் கண்டுபிடிக்கிறாளே என்று ஆத்திரம் ஒரு பக்கம், இது எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது.

"சரி சரி, பார்த்து வா கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் எல்லாப் பிள்ளைகளையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன். வாய்ப் பழக்கம்.

அவள் சிரித்தாள். "கூப்பிடுங்க அக்கா. எங்கம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நானும் சாயங்காலமானா சீரியல் பார்க்கிறேன்னுதான் சொல்வேன், கேட்கிறேன்னு சொல்ல மாட்டேன்."

அவளுக்கு ஜோடியாக டீச்சர் போட்டது ஓட்டைவாயை. ஓட்டைவாய் என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். வாய் ஓயாது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு வாரத்தில் இடம் மாற்றிக் கேட்பார்கள், அதனால் வருடம் முழுக்கத் தனி மேஜைதான். இப்போது அவளுக்கு யோகம் அடித்தது. "தீ நீலமா எரியுது. அடியில கொஞ்சம் மஞ்சள். எதிர் மேஜைக்காரன் திருட்டு முழி முழிக்கிறான், ஏதோ தப்பு பண்ணிட்டான். டீச்சர் நம்ம பக்கம்தான் வர்றாங்க, முகம் சரியில்லை" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். எல்லோருக்கும் தொல்லையாக இருந்த வாய் ஒருத்திக்கு உபயோகமாயிற்று. அதற்குப் பதிலாகக் கண்ணு அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அவள் மனக்கணக்கு எனக்கே பொறாமையைக் கொடுக்கும்.

ஒரு வாரத்தில் அலமாரி முழுவதும் அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது தட்டில் ஐந்தாவது புட்டி என்று கேட்டால் பெயரோடு சொல்வாள். ஒருநாள் நான் ஏதோ நினைப்பில் இரண்டு புட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டேன். அவள் கை புட்டியின் கழுத்தைத் தொட்டவுடன் நின்றது. "இது இங்க இருக்காதே அக்கா" என்றாள். பத்தொன்பது வருட வேலைக்காரியின் மானம் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவள் கை புட்டிமேல் இருக்கும்போது 'பத்திரம்' என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். எதிர் மேஜைக்காரனுக்கு இரட்டிப்பாகச் சொன்னேன்.

தேர்வில் வருவது ஒரே ஒரு முக்கியமான சோதனை. குடுவையில் காரக் கரைசல் இருக்கும். அதில் நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். மேலே ப்யூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எந்தச் சொட்டில் சிவப்பு மறைகிறதோ அங்கே நிறுத்தி, எவ்வளவு அமிலம் செலவானது என்று கோடு பார்த்து எழுத வேண்டும். கோட்டையும் கண்ணால் பார்க்க வேண்டும், நிறத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். இதை இந்தப் பிள்ளை எப்படிச் செய்யும் என்று எனக்குப் புரியவில்லை.

கோட்டுக்கு அவளே வழி சொன்னாள். "ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி, உள்ள தள்ளுற தண்டுல அரை மில்லிக்கு ஒரு வெட்டு போட்டுத் தர முடியுமா அக்கா? தண்டு உள்ள போகப்போக ஒவ்வொரு வெட்டும் விளிம்புல படும். நகத்தால எண்ணிக்குவேன்."

என் தம்பி வண்டி மெக்கானிக். அவன் பட்டறையில் இருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்துவந்து ராவினேன். முதல் சிரிஞ்சில் வெட்டு ஆழமாகப் போய்த் தண்டு ஒடிந்தது. இரண்டாவதில் அளவு பிசகிற்று. மூன்றாவதைப் பெருமையோடு அவள் கையில் கொடுத்தேன். நகத்தை ஒருமுறை ஓட்டினாள்.

"நாலாவதும் அஞ்சாவதும் கொஞ்சம் நெருக்கமா இருக்கு அக்கா."

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மயிரிழை நெருக்கம். "உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி" என்று திட்டிவிட்டு நான்காவதை ராவினேன். திட்டினேனே தவிர, வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் அன்றைக்கு முழுக்க அந்த நகத்தைப் பற்றித்தான் பேசினேன்.

நிறத்துக்குத்தான் வழியில்லை. ஓட்டைவாய், "நான் சொல்றேன், சிவப்பு போனதும் தொடையில ஒரு கிள்ளு" என்றாள். கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பார்த்துச் சொல்லி நான் எழுதினா அது உன் பரீட்சைடி. என்னோடது எங்க?"

அவளுடைய பாடப் புத்தகம் புள்ளி எழுத்தில் இருக்கும், ஒன்றை மூன்று புத்தகமாகக் கட்டியிருப்பார்கள். ஒருநாள் மாலை அதைத் தடவிக்கொண்டே வந்தாள். "டீச்சர், வெங்காயம்னு ஒரு வரி இருக்கு. காரத்துல வெங்காய வாசம் மறைஞ்சிடும், அமிலம் சேர்த்தா திரும்ப வரும்னு போட்டிருக்கு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அது ஒரு மார்க் கேள்விக்காக இருக்கிற வரிம்மா. பன்னிரண்டு வருஷமா நடத்துறேன், ஒரு நாளும் செஞ்சு பார்த்ததில்லை."

"செஞ்சு பார்க்கலாமா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு வெங்காயம் உதவுமா என்று பார்த்துவிடலாம் என்று நானே வெங்காயத்தை நறுக்கிக் காரக் கரைசலில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் வடிகட்டி மூக்குக்கு நேராகக் கையால் விசிறிப் பார்த்தேன். சத்தியமாக வாசமே இல்லை. என் விரலில் இருந்த வெங்காய நாற்றம்கூட அதைவிட அதிகம். அவள் சிரிஞ்சில் அமிலத்தை எடுத்து, நகத்தால் எண்ணி, ஒவ்வொரு வெட்டாக விட்டாள். விடுவாள், குடுவையைச் சுற்றுவாள், முகர்வாள். பதினேழாவது வெட்டில் நிறுத்தினாள்.

"வந்துடுச்சு."

நானும் டீச்சரும் ஓட்டைவாயும் வரிசையாக மூக்கை நீட்டினோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் இரண்டு வெட்டு விட்ட பிறகுதான் எங்களுக்கு எட்டியது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் வாயால் நடத்திய பாடத்தை அன்றைக்குத்தான் அவர் கண்ணெதிரே பார்த்தார், மூக்கெதிரே என்று சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, நிறத்துக்குப் பதில் வாசத்தை வைத்துச் செய்யலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார். அந்த அம்மாள் முசுடுதான், ஆனால் எடுத்ததை முடிப்பார்.

மூன்று மாதம் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி. ஆரம்பத்தில் இரண்டு மில்லி பிசகியது. பிறகு அரை மில்லி. பிறகு வெட்டுக்கு வெட்டு விடுவதை விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொண்டாள். ஒரு வாரம் சளி பிடித்து ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னைக்கு எண்ணுறதை மட்டும் பழகுறேன்" என்று வெறும் தண்ணீரை வைத்துச் சொட்டு எண்ணினாள். நூறு சொட்டு, மறுபடி நூறு. எனக்கு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை. சுக்குப் பொடி கொடுத்தனுப்பினேன்.

இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த மூன்று மாதமும் ஆய்வகத்தில் வாசனைக்குக் காவல் இருந்தவளே நான்தான். ஓட்டைவாயைப் பவுடர் பூசக் கூடாது என்று தடுத்தது நான். டீச்சரிடமே போய், "நீங்க போடுற சென்ட்டைத் தேர்வு முடியிற வரைக்கும் நிறுத்துங்க" என்று சொன்னது நான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்த எதிர் மேஜைக்காரனை ஜன்னலோரம் தள்ளியது நான்.

தேர்வு நாள் வந்தது. வெளித்தேர்வாளர் வருகிறார் என்றால் வருடா வருடம் நான் ஆய்வகத்தைக் கழுவிவிடுவேன். மற்ற நாட்களில் வெறும் தண்ணீர், அன்றைக்கு மட்டும் ஃபினாயில். இந்த வருடம் நம் பிள்ளைக்குப் பெரிய நாள் அல்லவா. காலை ஆறு மணிக்கே வந்து, ஒரு வாளித் தண்ணீரில் வழக்கமாக ஊற்றுவதைப் போல் இரண்டு பங்கு ஊற்றி, தரை, மேஜை, கழுவுதொட்டி, ஜன்னல் கட்டை என்று ஒன்று விடாமல் துடைத்தேன். கை, கால், உடுத்திய துணி எல்லாம் ஃபினாயில். எட்டரை மணிக்கு அறை பளபளவென்று இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

தடிச் சத்தம் தாழ்வாரத்தில் வந்தது. வாசலில் நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

"அக்கா" என்றாள் கண்ணு. குரல் ஒரு மாதிரி இருந்தது. "என்னக்கா பண்ணிட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை என்று ஆயிரம் தடவை பிறத்தியாரைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு என் கையாலேயே பிடித்து வைத்திருந்தேன். ஊரார் பூசிய பவுடரைத் தடுத்தவள், ஒரு வாளி ஃபினாயிலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன்.

ஜன்னலையெல்லாம் திறந்தேன். மின்விசிறிகளைச் சுழலவிட்டேன். பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி துடைத்தேன். துடைக்கத் துடைக்க வாசம் கிளம்பியதே ஒழிய அடங்கவில்லை. கண்ணு தன் மேஜையில் வெங்காயக் கரைசலை முகர்ந்து பார்த்தாள், பிறகு ஒரு கிண்ணத்தில் இருந்த பச்சை வெங்காயத்தையே முகர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். "பச்சை வெங்காயமே தெரியலை."

வெளித்தேர்வாளர் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கக்கத்தில் விதிப் புத்தகம். டீச்சர் நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியையும் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எவர்சில்வர் டம்ளர் கொடுத்த நாளில்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"இன்னொரு நாள் வைக்க முடியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"முடியாதும்மா. இந்த மையத்துக்கு இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றார் தேர்வாளர்.

தலைமையாசிரியை கண்ணுவின் தோளில் கை வைத்தார். "பாரும்மா, மதிப்பெண் தாள்ல பழைய வழக்கப்படி உன் பேருக்கு நேரா விலக்குன்னு முன்னாடியே அடிச்சுத்தான் வந்திருக்கு. அப்படியே விட்டுடலாம். உன் மேல யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். நூறு சொட்டு, மறுபடி நூறு சொட்டு என்று எண்ணிய பிள்ளை. அவளை வேறு பிரிவுக்குத் தள்ளியது நானாகிவிடுவேன்.

கண்ணு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "வெளியில செய்யலாமா சார்?" என்றாள்.

தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். "ஒரு குழுவைப் பிரிக்கக் கூடாது. பதினாறு பேரும் ஒரே இடத்துல என் பார்வையில இருக்கணும். உன்னை மட்டும் வெளியில அனுப்ப முடியாதும்மா."

"அப்ப பதினாறு பேரும் வெளியில போனா?" என்று கேட்டது ஓட்டைவாய். அந்த வாய்க்குப் பொன்னால் பூட்டுப் போட்டாலும் தகும், ஆனால் அன்றைக்குத் திறந்திருந்ததே நல்லது.

தேர்வாளர் அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "ஆய்வகத்துலதான் நடத்தணும்னு போடலை. தக்க இடம்னுதான் போட்டிருக்கு. ஆனா கருவிகளை வெளியில கொண்டுபோகணும்னா அதுக்குப் பொறுப்பானவங்க சம்மதம் வேணும். யாரு பொறுப்பு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணுவும் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தலைமையாசிரியைக்கே பீக்கர் கொடுக்காதவள் நான். பதினைந்து ப்யூரெட், பதினாறு பிப்பெட், ஐம்பது குடுவை. பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மூன்று படி இறங்க வேண்டும்.

"தூக்குங்க" என்றேன்.

பிள்ளைகள் ஒரு நொடி நம்பவில்லை. பிறகு மேஜைகளைத் தூக்கினார்கள், தாங்கிகளைத் தூக்கினார்கள். எதிர் மேஜைக்காரன் தன் ப்யூரெட்டைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். ஒன்றும் உடையவில்லை. கடைசியாக நான் இரண்டு கையிலும் குடுவைகளோடு வந்தேன். ஈரச் செருப்பு இரண்டாவது படியில் வழுக்கியது. ஒரு குடுவை விழுந்து தூளாயிற்று. பத்தொன்பது வருடத்தில் என் கையிலிருந்து விழுந்த முதல் குடுவை.

"பத்திரம் அக்கா" என்றார்கள் பதினாறு பேரும் ஒரே குரலில். தேர்வாளரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

கண்ணு குழாயடியில் முகத்தையும் மூக்கையும் கழுவிவந்தாள். ஈர விரலை நீட்டிக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, படிக்கட்டுச் சுவரின் மறைவில் தன் மேஜையைப் போடச் சொன்னாள். சிரிஞ்சை இடது கைக்கும், குடுவையை வலது கைக்கும், விடையை அடிக்கும் சின்னத் தட்டச்சுப் பொறியை மேஜை ஓரத்துக்கும் தடவி வைத்தாள். நான் ஏதாவது உதவி வேண்டுமா என்று கிட்டே போனேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் தணிந்த குரலில். "நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க. உங்க மேல அடிக்குது."

எனக்கு அது வேண்டியதுதான். தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்கு, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று மாதம் பக்கத்திலேயே நின்றவள், அந்த ஒரு நாள் யாரோ வழிப்போக்கரைப் போல எட்டி நின்று பார்த்தேன். பேச்சு காதில் விழவில்லை.

அவள் வேகமாகச் செய்யவில்லை. மற்றவர்கள் இரண்டாவது முறை தொடங்கும்போதும் அவள் முதல் முறையில்தான் இருந்தாள். விட்டாள், சுற்றினாள், முகர்ந்தாள். நடுவில் ஒருமுறை சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று மூச்சை இழுத்து விட்டாள். போச்சு, தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி எடுத்தாள். ஒரு சொட்டு, முகர்தல். ஒரு சொட்டு, முகர்தல். நிறுத்தினாள். தட்டச்சு செய்தாள். குடுவையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இப்படி மூன்று முறை. முடித்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

தேர்வாளர் வந்து அந்த மூன்றாவது குடுவையைத் தூக்கி முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு பக்கத்து மேஜையிலிருந்து நிறங்காட்டிச் சொட்டானை எடுத்து, அவள் குடுவையில் இரண்டு சொட்டு விட்டார். நிறம் வரவில்லை. இது போதாது என்று எனக்குத் தெரியும். காரம் தீர்ந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். சரியாகத் தீர்ந்த இடத்தில் நிறுத்தினாளா, தாண்டிப் போய் அமிலத்தைக் கொட்டிவிட்டாளா என்பது தெரியாது. தேர்வாளருக்கும் அது தெரியும் போலிருக்கிறது. காரப் புட்டியை எடுத்தார். ஒரே ஒரு சொட்டு விட்டுக் குடுவையைச் சுற்றினார்.

இளஞ்சிவப்பு.

அந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். குடுவை முழுக்க இளஞ்சிவப்பு. ஒரு சொட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றால் எல்லையில் அவ்வளவு நெருக்கமாக நிறுத்தியிருக்கிறாள். அவ்வளவு பேர் சுற்றி நின்ற இடத்தில் அந்த நிறத்தைப் பார்க்க முடியாதவள் அவள் ஒருத்திதான், அதை அங்கே வரவழைத்தவளும் அவள்தான். தேர்வாளர் எதிர் மேஜைக்காரனின் குடுவையிலும் அதே மாதிரி விட்டுப் பார்த்தார். அவனுக்கு நாலு சொட்டு தேவைப்பட்டது. இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது அவனுக்கு.

பிறகு மதிப்பெண் தாளை எடுத்தார். பேனா ஒருமுறை குறுக்கே போனது. விலக்கு என்ற வார்த்தை இருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டு அவளிடம் குனிந்து ஏதோ சொன்னார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஓட்டைவாய் ஒன்றுமே பேசாமல் நின்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போகவும் பயம். ஃபினாயிலோடு போய் இன்னும் என்ன கெடுத்து வைப்பேனோ.

கண்ணு தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் நேராக என்னை நோக்கி வந்து, இரண்டடி தூரத்தில் நின்றாள்.

"நான் இங்க நிக்கிறேன்னு யாரு சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லணுமா? பாதி வழியிலேயே வழி காட்டுது" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"கண்ணு, நான் வேணும்னு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அக்கா." தடியைச் சுவரில் சாய்த்தாள். "அந்த சார் சொன்னார், மத்தவங்கல்லாம் மார்க்கை எட்டிப் பார்த்துக்கிறாங்க, உனக்கு நான் படிச்சுச் சொல்றதுதான் முறைன்னு. இருபதுக்குப் பத்தொன்பது. ஒரு இடத்துல மில்லின்னு அலகு போட மறந்துட்டேன். ஒண்ணு குறைச்சுட்டார்."

"அந்த ஒண்ணைப் போட்டா அவர் கை தேஞ்சா போயிடும்?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு…"

"ஐயோ, விடுங்க அக்கா. எல்லாருக்கும் குறைக்கிறார். எனக்கும் குறைச்சார்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு பையிலிருந்து அந்தச் சிரிஞ்சை எடுத்து நகத்தால் ஒருமுறை ஓட்டினாள். "எனக்கு இன்னொண்ணு வேணும். இதைவிடப் பெருசா. கால் மில்லிக்கு ஒரு வெட்டு. அடுத்த வருஷப் பாடத்துக்கு இது பத்தாது."

"ராவித் தரேன், கண்ணு" என்றேன். இந்த முறை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.